மழையே காணாத காரில் துரு எப்படி வந்தது?

கேள்வி: என் அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு வண்டி ஷெட்டை விட்டு அதிகம் வெளியே வந்ததில்லை. மழையில் நனையவே விட்டதில்லை. வாரம் தவறாமல் கழுவித் துடைத்து, கவர் போட்டே வைத்திருக்கிறோம். ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமே என்று போன மாதம் உள்ளே சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். டிரைவர் பக்கத்தில் அப்பா ஆசையாக வாங்கிப் போட்ட தேங்காய்நார் மேட்டைத் தூக்கினால், அதன் அடியில் தகடே இல்லை. ஷெட்டின் சிமென்ட் தரை தெரிகிறது! வெளியே பெயின்ட் கண்ணாடிபோல இருக்கிறது. மழையே படாத வண்டியில் தரை மட்டும் எப்படி இற்றுப்போனது? கடல் காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு டிங்கர், "மேலே ஒரு தகடு வைத்து ஒட்டி, அடியில் தார் பூசிவிடலாம், இன்ஸ்பெக்டருக்குக் காட்ட அது போதும்" என்கிறார். போதுமா? சுத்தம் செய்த பிறகு அப்பாவின் மேட்டையே திரும்பப் போடலாமா?

ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "துருவுக்கு எதைப் பூசலாம்?" என்றுதான் கேட்கும். எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதற்கான விடையையும் உங்கள் கடிதத்திலேயே, உங்களுக்குத் தெரியாமல், இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துக் காட்டுவதுதான் என் வேலை.

முதலில் கடல் காற்றை விசாரிப்போம். நாகப்பட்டினத்தில் ஜன்னல் கம்பி, கிரில் கேட், சைக்கிள் ரிம் எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைத் தினமும் பார்ப்பவர்கள் காருக்கும் அதே காரணத்தைச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் கடல் காற்றுதான் முதல் காரணம் என்றால், அது முதலில் எங்கே கடித்திருக்க வேண்டும்? காற்று அதிகம் படும் இடங்களில்: பானெட்டில், கூரையில், குரோம் பம்பரில், கதவுக் கைப்பிடியில். அங்கெல்லாம் வண்டி நன்றாக இருக்கிறது. கவரால் மூடி, கதவால் மூடி, மேட்டாலும் மூடிய இடம்தான் ஓட்டையாகியிருக்கிறது. காற்று நேராகப் படாத இடத்தில் நடந்த சேதத்துக்குக் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஓட்டையின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தூசி விழும். துரு எந்தப் பக்கம் அடுக்கடுக்காகப் பெயர்ந்து நிற்கிறது, மேலேயா கீழேயா? உங்களுடையதுபோலக் கவரும் ஷெட்டுமாக வாழ்ந்த வண்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் அடிப்பக்கத்துக் கறுப்புப் பூச்சு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்பக்கம்தான் அப்பளம்போல நொறுங்கும். துரு சாலையிலிருந்து மேலே ஏறவில்லை என்பதற்கு அதுவே சான்று. அது உள்ளே, மேட்டுக்கு அடியில் பிறந்து கீழே இறங்கியிருக்கிறது.

எப்படிப் பிறந்தது? இரும்பு துருவாக இரண்டு பொருள்கள் போதும்: நீர், ஆக்சிஜன். மழை கட்டாயமில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். அதோடு உப்பு சேர்ந்தால் வேலை வேகமாகும். காரணம், துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் ஒரு குட்டி பேட்டரி. இரும்பின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மின்சாரம் ஓடுகிறது. சுத்தமான நீரைவிட உப்பு நீர் அதை நன்றாகக் கடத்தும்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1986 முதல் உங்கள் வீட்டார் எத்தனை முறை கடற்கரைக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வந்திருப்பீர்கள்! ஒவ்வொரு முறையும் செருப்பிலும் பாதத்திலும் ஈரமணல் ஏறி வந்திருக்கும். மணலைத் தட்டிவிடலாம். அதிலிருந்த உப்பு மேட்டுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். தேங்காய்நாரிலேயே கொஞ்சம் உப்பு இருப்பதும் உண்டு. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், தேங்காய்நார்க் கழிவைப் பலமுறை அலசித்தான் செடிக்குப் போடுவார்கள், அந்த உப்பைப் போக்குவதற்காக. ஐப்பசி கார்த்திகையில் சமையலறைக் கல்லுப்பு ஜாடியில் நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஜாடிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டது. உங்கள் மேட்டும் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்திருக்கிறது. கடல் காற்றுக்கு இதில் பங்கு உண்டுதான். உப்பேறிய மேட்டுக்கு ஈரம் கொண்டுவந்து கொடுத்தது அது. ஈரத்தைத் தகட்டின்மேல் பிடித்து வைத்தது மேட்.

கடிதத்தில் நீங்கள் தந்த முதல் துப்பு அந்த மேட். இரண்டாவது, "வாரம் தவறாமல் கழுவி" என்ற சொற்கள்.

மழை படாத வண்டிக்கு வாரம் ஒருமுறை நீங்களே மழை பெய்வித்திருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம், வண்டிமேல் பிரியமுள்ள எல்லோரும் செய்வதுதான். ஆனால் 1986-இல் போட்ட ரப்பர் பீடிங், அதாவது முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்பு, இப்போது ரப்பராக இருக்காது. இறுகிச் சுருங்கி, மூலைகளில் தகட்டை விட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றிய நீர் அந்த இடுக்கு வழியே டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கால் வைக்கும் இடத்தில் சேரும். அந்த இடம்தான் தரையிலேயே பள்ளமானது. கதவுக்கும் இதில் பங்கு உண்டு. கதவுக் கண்ணாடியின் ஓரமாக நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணாலோ, பிற்பாடு அடித்த பெயின்டாலோ அடைபட்டால் நீர் உள்பக்கம் திரும்பிவிடும். பெடல்களும் கேபிள்களும் வயர்களும் தகட்டைத் துளைத்து வரும் இடங்களில் இருக்கும் ரப்பர் வளையங்களையும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் கசிந்திருந்தால் அதையும் கவனியுங்கள். அது பெயின்டை உரித்துவிடும். உரிந்த இடம் துருவுக்குத் திறந்த வாசல்.

மேட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஓட்டை விழுந்து, ஓரங்களில் தகடு ஓரளவு நன்றாக இருந்திருக்குமே? அதற்கும் காரணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆக்சிஜன் இருந்தால்தான் துரு என்றோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் ஓரம்தானே முதலில் கெட வேண்டும்? நடப்பது தலைகீழ். ஈரமான இரும்பில் ஓரிடம் காற்றோட்டமாகவும் இன்னோர் இடம் மூடியும் இருந்தால், மூடிய இடத்து இரும்புதான் கரைந்து எலெக்ட்ரானைக் கொடுக்கும். காற்றுள்ள ஓரத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளும். ஓரம் பிழைக்கும், நடு கரையும். பொறியாளர்கள் இதைக் காற்றோட்ட வேறுபாட்டு அரிப்பு என்பார்கள். மொட்டை மாடியில் வெகுநாள் கிடந்த தகர டின்னை நகர்த்தினால், சுற்றுப்புறத்தைவிட அடிப்பாகம் அதிகம் அரித்திருப்பதும் இதனால்தான். மூடிவைத்தால் பாதுகாப்பு என்று நாம் நினைப்பது துருவின் கணக்கில் நேர்மாறு.

கவருக்கும் இதே கணக்கு. காற்று புகாத பிளாஸ்டிக் கவர் பகலில் சூடாகி, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கும். இரவு குளிர்ந்ததும் அந்த ஆவி மறுபடி தகட்டிலேயே நீராகப் படியும். வெளியே போக வழியில்லை. வாரம் ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் எஞ்சின் சூடும், திறந்த ஜன்னல் காற்றும் தரையை உலர்த்திவிடும். ஓடாத வண்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. மழையில் ஓடிய டாக்ஸி பத்மினிகள் சிலவற்றின் தரை, ஷெட்டில் தூங்கிய வண்டிகளின் தரையைவிட நன்றாக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி டிங்கர் சொன்னது. "போதுமா?" என்ற கேள்விக்கு, எதற்குப் போதுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கார் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் மும்பை குர்லாவில் தயாராகத் தொடங்கி, 1970-களில் பத்மினி என்று பெயர் மாறிய வண்டியின் வழி வந்தது. அதற்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம், அதாவது பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம், கிடையாது. பாடியே சட்டகம். தரைத் தகடு, நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் செல்லும் மேடு, இருபக்கக் கதவுகளுக்கும் கீழே நீளமாக ஓடும் பெட்டி, கூரை எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று தாங்குகின்றன. தொழிலில் இதை மோனோகாக் என்பார்கள். கதவுக்குக் கீழ் உள்ள அந்தப் பெட்டியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சியுள்ள உள்பெட்டியோடு அழுத்திப் பாருங்கள், நசுங்காது. உள்பெட்டியை உருவிவிட்டு உறையை மட்டும் அழுத்தினால் சப்பையாகிவிடும். தரை இற்றுப்போன மோனோகாக் வண்டி உள்பெட்டி உருவிய உறை. அம்பாசடருக்கும் இதுவே பொருந்தும். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு ஜாதி. அதற்குத் தனிச் சட்டம் உண்டு, பாடியைப் போல்ட் போட்டுத்தான் அதன்மேல் பொருத்தியிருப்பார்கள். ஹெரால்டில் தரை ஓட்டையானால் கால் நனையும். பத்மினியில் வண்டியின் முதுகெலும்பே பலவீனமாகும்.

ஆகவே ஓட்டையின் அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இதற்கு பிரிட்டனில் நல்லதோர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1960 முதல் அங்கே நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனப் பாதுகாப்புச் சோதனையில், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக், சீட், சீட் பெல்ட் ஆகியவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு துருவால் பலமிழந்திருந்தால் வண்டி தேறாது. அந்த இடங்களில் ஆணி அடித்தோ பசை வைத்தோ ஒட்டுப் போடுவதையும் ஏற்பதில்லை. ஒட்டைச் சுற்றி விடாமல் வெல்டிங் செய்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சட்டத்தில் இப்படி அளந்து எழுதிய விதி இல்லாவிட்டாலும், உங்கள் வண்டிக்கு இந்த அளவுகோலையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். டிரைவர் பக்கத் தரை என்றால் சீட்டின் கால்கள் பக்கத்திலேயே இருக்கும். வண்டிக்குப் பிற்பாடு சீட் பெல்ட் பொருத்தியிருந்தால் அதன் கீழ்முனையும் அங்கேதான் இருக்கும். சடாரென்று பிரேக் போடும்போது ஓட்டுநரின் எடை முழுவதையும் பிடித்து நிறுத்துவது அந்தத் தகடு.

இன்னொரு ஆபத்தும் உண்டு, யாரும் நினைப்பதில்லை. எஞ்சின் ஓடும்போது சைலன்சர் குழாயிலோ அதன் இணைப்பிலோ சிறு கசிவு இருந்தால், புகை தரை ஓட்டை வழியாக உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டையை அடைக்கும்வரை அந்த வண்டியில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஆய்வைப் பற்றி. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. என்பது சட்டப்படி வாடகை வண்டிக்கான தகுதிச் சான்று. ஆனால் சொந்தக் காரைப் புதுப்பிக்கக் கொண்டுபோய்க் காட்டுவதையும் ஊரில் "எஃப்.சி. காட்டுவது" என்றே சொல்கிறார்கள், அது பரவாயில்லை. படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர், பழையவர்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர், பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் பார்ப்பார். சேஸிஸ் எண்ணைச் சரிபார்ப்பார். மேட்டைத் தூக்கிப் பார்ப்பாரா? பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். தார் பூசிய தகடு அவர் கண்ணைத் தாண்டிவிடக்கூடும். அந்த அர்த்தத்தில் டிங்கர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் தாண்டவிட்ட வண்டியில் அடுத்த ஐந்து ஆண்டு உட்காரப்போவது நீங்கள்.

துருவின் மேலேயே தகடு வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். அதுவும் பத்மினிதான். ஒரு பட்டறையில் துருவை வெட்டாமல், மேலே புதுத் தகட்டை அங்கங்கே பொட்டு வைத்ததுபோல ஒட்டி, அடியில் கெட்டியாகத் தார் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுசாக இருந்தது. மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு தட்டிப் பார்த்தபோது தாரும் பெயின்டும் மட்டும்தான் மிச்சம். இரண்டு தகட்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவு இடுக்கு. அதில் நீர் ஏறிவிட்டால் உலரவே உலராது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். அந்த வீக்கமே வெல்டிங் பொட்டுகளைப் பிளந்துவிடும். தாரும் துருவை நிறுத்தாது. அடியிலிருந்து காற்றை மூடிவிடுவதால், மேலே சொன்ன அதே கணக்கில், உள்ளே கரைவதுதான் மிஞ்சும். ஃபைபர் கிளாஸும் எபாக்ஸி மாவும் ஓட்டையை மறைக்குமே தவிர, தகட்டின் பாரத்தைத் தாங்காது.

ஆகவே முறையான வேலை இப்படி நடக்க வேண்டும். டிங்கரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெல்டிங்குக்கு முன்னால் நீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். மேட், அதன் அடியிலுள்ள சாக்குத் துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே இன்னொருவர் முதலில் முன்கண்ணாடியின் அடிவிளிம்பில், பிறகு மேல்விளிம்பில், பிறகு கதவில் என்று ஓரிடத்துக்கு ஐந்து நிமிடமாக மெதுவாகத் தண்ணீர் விடட்டும். எந்தத் தாள் முதலில் நனைகிறது என்பதைப் பார்த்தாலே வழி தெரிந்துவிடும். பீடிங்கை மாற்றாமல் தரையை மாற்றினால், இன்னும் சில ஆண்டுகளில் எனக்கு இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

அடுத்து, கெட்ட தகடு எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல தகடு "ணங்" என்று ஒலிக்கும், இற்றது "தொப்" என்று அமுங்கும். சந்தேகமான இடத்தைக் கூர்முனையால் குத்திப் பார்க்கலாம். ரன்னிங் போர்டையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். பயணிகள் பக்கத்து மேட்டையும் தூக்குங்கள். அங்கே இப்போதைக்கு மேல்துரு மட்டும் இருக்கலாம். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசினால் போதும். அது ஓர் அமிலக் கரைசல். மெல்லிய துருவை இரும்பு பாஸ்பேட் போன்ற கெட்டியான சேர்மமாக மாற்றிவிடும். மெல்லிய துருவுக்குத்தான் அது மருந்து, அடுக்காகப் பெயரும் துருவுக்கு அல்ல.

வெட்டுவதற்கு முன்பு வண்டியை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். தரையும் ரன்னிங் போர்டும் பலமில்லாத மோனோகாக்கை நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பாடி வளைந்துவிடும். வளைந்த நிலையிலேயே வெல்டிங் செய்துவிட்டால் அப்புறம் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. சமதளத்தில், சக்கரங்கள் அல்லது ஆக்சில்கள் பாரத்தைத் தாங்கும்படி நிறுத்தி, கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ரன்னிங் போர்டிலும் கை வைப்பதாக இருந்தால், கதவு திறப்பின் குறுக்கே தற்காலிகமாக ஒரு கம்பியை வெல்டிங் செய்து பிடித்துக்கொள்வார்கள். இதைத் தானாகவே சொல்லும் டிங்கர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. வேலை நடக்கும் இடத்திலிருந்து அவற்றை விலக்கிவிட வேண்டும். உள்ளே சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் தார்த் தகடு வெல்டிங் சூட்டில் பற்றிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பு சிலிண்டரும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

துருப்பிடித்த பகுதியைத் தாண்டி, பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். பெரும்பாலும் ஓட்டை உள்ளங்கை அளவு இருந்தால் வெட்டுவது தாம்பாள அளவாகும், பயப்பட வேண்டாம். அட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் அல்லது 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில், அதாவது குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகட்டில், புதுத் துண்டு செய்வார்கள். கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்: 20 என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். பழைய தரையில் நீளவாக்கில் வரிவரியாக மேடுபள்ளம் இருந்திருக்கும். அழகுக்காக வைத்ததல்ல, தட்டைத் தகடு அமுங்காமலும் அதிராமலும் இருக்க அதுதான் எலும்பு. புதுத் துண்டிலும் அதை அடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். துருவே பிடிக்காது என்று ஜி.ஐ. ஷீட்டைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் எரியும்போது வரும் புகை, வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். ஓரங்களில் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அதை வெல்டிங் செய்யக் கூடாது.

வெல்டிங்குக்கு என் தேர்வு சி.ஓ.டூ. வெல்டிங். சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். உருகும் இடத்தைக் கரியமில வாயு காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். சூடு பரவுவது குறைவு என்பதால் மெல்லிய தகடு அதிகம் நெளியாது. கேஸ் வெல்டிங்கிலேயே இதை அற்புதமாகச் செய்யும் பழைய மாஸ்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். சாதாரண ஆர்க் வெல்டிங் மட்டும் வேண்டாம், மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டுவிடும். எதுவானாலும் முதலில் எதிரெதிராகப் பொட்டு வைத்து, பிறகு சிறுசிறு துண்டாக, சூடு ஆறவிட்டு ஆறவிட்டு, சுற்றிலும் முழுமையாக இணைக்க வேண்டும். விளிம்போடு விளிம்பு சேரும் இணைப்பே நல்லது. ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் வர வேண்டும் என்றால், இடையில் துத்தநாக பிரைமர் அடித்து, மேலும் கீழும் சீலன்ட் வைத்து இடுக்கை அடைத்துவிட வேண்டும்.

பிறகு எபாக்ஸி பிரைமர், மூட்டுகளில் சீலன்ட், பெயின்ட், கடைசியாக அடிப்பக்கப் பூச்சு. நல்ல உலோகத்தின் மேல் கடைசியாகப் பூசும்போது தார்ப் பூச்சு பயனுள்ள பொருள்தான். ரன்னிங் போர்டின் உள்ளே பிரஷ் போகாது. மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் வழியாக உள்ளே பீய்ச்சுவார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள். தரையிலும் கதவிலும் இருக்கும் வடிகால் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தை வெட்டவோ, தேய்க்கவோ, பெயின்டால் நிரப்பவோ யாரையும் விடக் கூடாது. அந்த எண் தெளிவாகத் தெரியாவிட்டால், தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல்தான். வேலைக்கு முன்பும், வெட்டிய பிறகும், வெல்டிங் முடிந்து பூச்சுக்கு முன்பும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் கேட்டால் காட்டலாம். பூச்சுக்கு அடியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவசரமாகச் செய்தால் இந்த வேலை கெடும். பதிவு முடியும் நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்னதாக, வெயில் காலத்தில் ஆரம்பிப்பது உத்தமம்.

கடைசியாக அப்பாவின் மேட். அதைக் காரில் மறுபடி போட வேண்டாம். எத்தனை முறை அலசினாலும், மூடிய வண்டிக்குள் அது ஈரத்தைப் பிடித்துத்தான் வைக்கும். அலசி, வெயிலில் நன்றாக உலர்த்தி, வீட்டு வாசலில் போடுங்கள். இன்னும் பல ஆண்டு உழைக்கும். காரில், ஒரு கையால் தூக்கக்கூடிய சாதாரண ரப்பர் மேட் போதும், அடியில் சாக்கோ கம்பளமோ இல்லாமல். வண்டியைக் கழுவிய ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிப் பார்த்து, கதவுகளைத் திறந்து வைத்து உலரவிடுங்கள். பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாகப் பருத்தித் துணிக் கவர் தைத்துக்கொள்ளுங்கள். பதிவு கைக்கு வந்ததும், வாரத்துக்கு ஒருமுறை திருவாரூர் வரைக்கும் போய்வாருங்கள்.

செய்தித்தாள் சோதனையில் எந்தத் தாள் முதலில் நனைந்தது என்று எனக்கு எழுதுங்கள். டிரைவர் பக்க மூலையாக இருக்கும் என்பது என் ஊகம். வண்டியைக் கழுவ வாளியை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், ஊகம் சரியா தவறா என்று நானும் தெரிந்துகொள்வேன்.